இசை கற்கும் உரிமை

(மேற்கு வங்கத்தில் நடைபெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைக் கருத்தரங்கில் சணல் ஆலைத் தொழிற்சங்க ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் தமிழாக்கம்)



எனக்கு முன்னர்ப் பேசியோர் ஓய்வூதியம் குறித்தும் வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு குறித்தும் விரிவாக எடுத்துரைத்தனர். நான் ஓர் ஆர்மோனியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஹூக்ளி ஆற்றங்கரையில், பாட்பாராவில், எங்கள் தொழிலாளர் குடியிருப்பு உள்ளது. அங்கே பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி. மூளை முடக்குவாதத்தால் பிறவியிலேயே இடது கை இயங்காது. இடது காலும் தளர்ந்தது. சங்க அலுவலகத்தில் பாடல் ஒத்திகை நடக்கும் மாலைகளில் வாசற்படியில் வந்து அமர்ந்துவிடுவாள். ஆர்மோனியம் கற்க வேண்டும் என்றாள். அருகிலிருந்த இசைப் பள்ளி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். "வலக்கை கட்டைகளுக்கு, இடக்கை துருத்திக்கு. ஒரு கையால் என்ன செய்வது? வேண்டுமானால் பாட்டுக் கற்றுக்கொள்ளட்டும்" என்று திருப்பி அனுப்பினர். அவளுக்குப் பேச்சே திக்கித்தான் வரும் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

சங்கத்தின் பழைய பெட்டியைக் கொடுத்தோம். ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் கற்பிக்க முன்வந்தார். துருத்தியை நாங்கள் முறை வைத்து இயக்கினோம்: ஷிப்டு முடிந்து வருவோர், பக்கத்து வீட்டுப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டேன். "நான் மெல்ல வாசிக்க நினைக்கும்போது நீங்கள் ஓங்கி அழுத்துகிறீர்கள், சாச்சா. சத்தம் உங்களுடையது" என்றாள்.

ஆர்மோனியத்தில் ஒலியின் ஏற்ற இறக்கம் துருத்தியில்தான் இருக்கிறது. உதவுவதாக எண்ணி, அவளது இசையில் பாதியை நாங்கள் கைப்பற்றி வைத்திருந்தோம்.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிக்கப்பட்டது. தரையில் அமர்ந்து வாசிப்பதற்கேற்ப அதைக் கைத்துருத்திப் பெட்டியாக மாற்றியவர் கொல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். (அந்தப் பெட்டியையும் 1940-இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது, அது தனிக் கதை.) நாங்கள் அந்த வழியில் திரும்பி நடந்தோம். ஆலை ஃபிட்டர் ஒருவரும் தச்சர் ஒருவரும் சைக்கிள் பிரேக் கம்பியும் கதவு ஸ்பிரிங்கும் மரப்பலகையும் கொண்டு ஒரு மிதியைச் செய்தனர். வலக்காலால் மிதித்தால் துருத்தி மூடும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திறக்கும். முதல் முறை கம்பி அறுந்தது. அடுத்த முறை பெட்டியே நகர்ந்தது. மூன்றாவது நிற்கிறது.

வாரத்தில் நான்கு நாளே வேலை கிடைத்த காலம் அது. செலவைக் குடியிருப்பே பகிர்ந்துகொண்டது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகவே ஏற்கிறது. கலைப் படிப்புகளை அவர்களுக்கு ஏற்ப மாற்றியமைப்பதையும் உதவிக் கருவிகளை உருவாக்குவதையும் அதன் 29-ஆவது பிரிவு அரசின் பொறுப்பாக்குகிறது. நாங்கள் மனு கொண்டுசென்ற அலுவலகத்தில் மூன்று சக்கர வண்டிக்குப் படிவம் இருந்தது, காதொலிக் கருவிக்கும் இருந்தது, இதற்கு இல்லை. அண்டை வீட்டாரின் தோழமையைக் காட்டி அரசு தப்பித்துக்கொள்ள நாம் இடமளிக்கலாகாது. இக்கோரிக்கையையும் தீர்மானத்தில் சேர்க்குமாறு முன்மொழிகிறேன்.

இப்போது அவள் ஏழு சுரங்களையும் ஏற்றி இறக்கி வாசிக்கிறாள். மெல்ல வேண்டிய இடத்தில் மெல்ல. மிதிதான் கிறீச்சிடுகிறது; எண்ணெய் விட்டும் அடங்கவில்லை. ஆர்மோனியம் பழுதுபார்க்கும் தோழர் எவரேனும் இங்கிருந்தால், இடைவேளையில் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன்.