கிணற்றடியில் நின்ற தோழன்



நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியத் தொழிலில் இருப்பவன் தேக ஆரோக்கியத்தைப் பற்றியே பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைத்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் நான் எழுதித்தரப் போகும் மருந்து சிநேகிதம். உலக மக்களில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், தனிமையோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000 என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025-இல் கணக்கிட்டு வெளியிட்டது. அத்துன்பம் இளைஞரிடையே மிகுதி என்பதையும் அவ்வறிக்கை சொல்கிறது. கைப்பேசியில் நூற்றுக்கணக்கானவரைச் சிநேகிதர் என்று சேர்த்துவைத்திருக்கும் தலைமுறைக்கு இந்நிலை நேர்ந்தது எப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் என் நினைவு ஒரு கிணற்றடிக்கே போகிறது.

மருத்துவக் கல்லூரியில் நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், தகப்பனார் காலமானார் என்று தந்தி வந்தது. அதை வாங்கிப் படித்த என் அறைத்தோழன் யாதொன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, விடுதிக் காப்பாளரிடம் இருவருக்கும் விடுப்புச் சொல்லிவிட்டு, மூன்று பேருந்து மாறி, கடைசி நான்கு மைல் தூரத்தை இருட்டில் என்னோடு நடந்தே வந்து சேர்ந்தான். வழியில் அவன் எனக்கு ஒரு வேதவசனமும் சொல்லவில்லை, ஆறுதல் மொழியும் கூறவில்லை. விடியற்காலையில் ஜனங்கள் திரண்டபோது, யாரும் கேளாமலே கிணற்றடிக்குப் போய், வந்தவர் அத்தனை பேருக்கும் தண்ணீர் இறைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தான். உடுத்தியிருந்தது முழுதும் நனைந்துபோகவே, என் தாயார் பெட்டியைத் திறந்து தகப்பனாரின் வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அடக்க ஆராதனையில் அந்த வேட்டியோடுதான் அவன் என் பக்கத்தில் நின்றான். பின்னாளில் வந்த அனுதாபக் கடிதங்கள் பல, அன்போடு எழுதப்பட்டவையே. எனினும், அவற்றில் ஒரு வரியாவது இன்று நினைவில் இல்லை. அந்த ராட்டினத்தின் சத்தம் இன்னும் கேட்கிறது. என் தாயாரோ, அவன் பெயர் நாவில் நில்லாமையால், “தண்ணி எறைச்ச தம்பி சௌக்கியமா?” என்றே தம் இறுதிநாள் வரை விசாரித்துவந்தார்.

கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமே இவ்வாறு நேரில் வருவதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். பல காலம் தீர்க்கதரிசிகளின் மூலமாகச் சொல்லியனுப்பிய தேவன், அதோடு திருப்தியடையாமல், தாமே சரீரமெடுத்து வந்து, மீன் பிடிக்கிறவர்களோடு கரையில் அமர்ந்து உண்டு, சீஷர்களைச் சிநேகிதர் என்று அழைத்தார். அவருடைய சீஷராகிய யோவானும், எழுதவேண்டிய காரியங்கள் அநேகம் இருந்தும், காகிதத்தையும் மையையும் நம்பாமல் நேரில் வந்து பேசவே விரும்புவதாகச் சொல்லித் தம் இரண்டாம் நிருபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

தமிழ் படித்தவர்கள் இங்கே என்னை மறிக்கலாம்: புலவர் பிசிராந்தையாரும் மன்னன் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொள்ளவில்லையா? கொண்டார்கள். ஆயினும், சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது, தன் பக்கத்தில் நண்பருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான். பாண்டிநாட்டிலிருந்து அவரும் வந்து சேர்ந்தார். காணாத நட்பும், வேளை வந்தபோது, நேரில் வந்துதான் நிறைவெய்தியது. ஆகவே கைப்பேசியில் வரும் செய்தியை நான் பழிக்கவில்லை. தூரத்திலிருப்பவனின் சுகத்தை அறிய அதனினும் நல்ல சாதனம் இல்லை. செய்தி அனுப்பியாயிற்றே என்று பயணத்தைக் கைவிடுகிற வழக்கத்தைக் கண்டுதான் அஞ்சுகிறேன். படுக்கையிலிருக்கும் நோயாளியின் கைப்பேசியில் நலம் பெறுக என்ற வாழ்த்துகள் நாள் முழுதும் வந்துகொண்டிருக்க, பக்கத்து முக்காலி மாலை வரை காலியாக இருப்பதை நான் வார்டுகளில் வெகுவாகப் பார்த்துவிட்டேன்.

அருகே இருத்தலின் பலனுக்கு என் தொழிலிலேயே ஒரு சான்று உண்டு. சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் வைத்தியர்கள். இருவரும் சேர்ந்து 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள். ஆளும் இனத்தவன் என்றும் ஆளப்படும் இனத்தவன் என்றும் உலகம் பிரித்துவைத்திருந்த அக்காலத்தில், ஒரே கூரையின்கீழ் வசித்து, ஒரே பந்தியில் உண்டு, ஊராரால் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டார்கள். அத்தகைய சகோதரபாவம் அன்றாடம் கூடி வாழ்ந்தமையாலேயே விளைந்தது.

நேரில் வரும் தோழனையே அப்போஸ்தலனாகிய பவுலும் தேடினார். சிறையிலிருந்த அவர், மாரிக்காலம் தொடங்குமுன் வந்து சேரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதி, வரும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் கொண்டுவரச் சொன்னார். இன்று பட்டம் பெறும் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் அவ்வளவே. இன்று மாலை விடுதியறையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்குமுன், உங்கள் சிநேகிதரின் ஊருக்கு எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்குள் ஒருமுறை போய் வாருங்கள்.