அலுவலகத்துப் பழைய கணினி வீட்டுக்கு வந்தால்



உங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் பழைய கணினி ஏதாவது கிடக்கிறதா? மகனோ மருமகளோ வேலையிடத்திலிருந்து கொண்டுவந்ததாக இருக்கலாம். அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மாற்றுகின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றதால், நன்றாக ஓடும் கணினிகளையும் மாற்ற வேண்டிய நிலை வந்தது.

அலுவலகம் கழிக்கும் கணினி சாதாரணக் குப்பை அல்ல. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் அது எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் அபாயக் கழிவாக இருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும். "வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ" என்று ஊழியரிடம் கொடுத்துவிட்டால், அந்தப் பாதுகாப்பு அலுவலக வாசலோடு நின்றுவிடுகிறது.

சும்மா கிடக்கும்வரை கணினியால் பெரிய கெடுதல் இல்லை. உடைத்தால்தான் வினை. பழைய கனத்த திரைகளின் கண்ணாடியில் ஒரு கிலோவுக்கும் மேல் காரீயம் இருக்கலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, இது வேறு. காரீயத் தூள் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செம்புக்காக ஒயரை எரிப்பதும் வேண்டாம். அந்தப் புகையில் டையாக்சின் என்னும் நஞ்சு உண்டு. ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு எந்தப் புகையுமே ஆகாது. மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

பழைய பேப்பர் லாரிக்காரர் சில ரிங்கிட் தருவார். அவரும் பிழைக்க வேண்டும்தான். ஆனால் அங்கிருந்து அது எங்கே போகிறது, யார் வெறுங்கையால் உடைக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. முழுசாகவே வைத்திருந்து, அலுவலகம் அடுத்த முறை கழிக்கும்போது சேர்த்துக்கொள்ளுமா என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மின்னியல் கழிவை எங்கே ஒப்படைப்பது என்று மாநகர் மன்றத்திடமோ சுற்றுச்சூழல் துறையிடமோ விசாரியுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே உடைத்துவிட்டார்களா? விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்றிய பிறகே பேரப்பிள்ளையைத் தூக்குங்கள். குழந்தையோ கர்ப்பிணியோ அருகில் இருந்திருந்தால் சுகாதாரக் கிளினிக்கில் சொல்லுங்கள். உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையில் அறியலாம்.