அறிகுறிகளை அலட்சியம் செய்யற்க
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழைப் போற்றக் கூடிய அவையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். உடல் நலம் குன்றினால் மொழி நலம் பேண வல்லார் யார்? யான் மருத்துவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு இரயில்வே எழுத்தர் வேலைக்கு வந்தவன். வல்லுநர் கூறியவற்றைத் தொகுத்துரைப்பதே என் பணி.

2018 மார்ச்சுத் திங்களில் நடிகர் இர்ஃபான் கான் தமக்கு நியூரோஎண்டோக்ரைன் கட்டி வந்துள்ளதென அறிவித்தார். இலண்டனில் மருத்துவம் பெற்றார். 2020 ஏப்ரல் 29 அன்று மும்பையில் காலமானார். 'நியூரோ' என்றதும் மூளை நோய் எனப் பலர் மயங்கினர். அம்மயக்கத்தை அவரே தம் அறிவிப்பில் நீக்கினார்.

நரம்பிடமிருந்து செய்தி பெற்று, ஹார்மோன் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலக்கும் அணுக்கள் குடல், இரைப்பை, கணையம், நுரையீரல் ஆகியவற்றில் பரவியுள்ளன. அவை கட்டுக்கடங்காது பெருகுவதே இந்நோய். 1907இல் ஜெர்மானிய மருத்துவர் ஓபெர்ண்டோர்ஃபர் குடலில் தோன்றும் இத்தகைய கட்டிகளுக்குக் 'கார்சினாய்டு', அதாவது புற்றுநோய் போன்றது, எனப் பெயரிட்டார். பல கட்டிகள் மெல்ல வளரும். ஆயினும் அவற்றைத் தீங்கற்றவை எனக் கொள்ளலாகாது.

அறிகுறிகள் யாவை? முகமும் கழுத்தும் திடீரெனச் சிவந்து கனலும். மாதவிலக்கு நிற்கும் பருவம் என்போம். மூச்சு இரைக்கும், மலைக்குளிர் என்போம். வயிற்றுப்போக்கு நீடிக்கும், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்போம். கணையக்கட்டி இன்சுலினை மிகுதியாகச் சுரந்தால், விரத நாளிலும் விடியற்காலையிலும் வியர்த்து மயக்கம் வரும். சர்க்கரை உண்டதும் தெளியும். சில கட்டிகள் நெடுநாள் எக்குறியும் காட்டா.

இக்குறிகள் பெரும்பாலும் எளிய நோய்களாலேயே வருவன; ஆதலின் அஞ்ச வேண்டா. ஆனால் மருந்துண்டும் தீராது மீண்டும் மீண்டும் வந்தால் வேறு காரணம் உண்டோ என்று மருத்துவரை வினவுதல் வேண்டும். பெயர்ச்சீட்டு மாறிய பார்சல் நிலையந்தோறும் அலைவதை நாம் அறிவோம். பெயர் மாறிய நோயும் அவ்வாறே ஆண்டுக்கணக்கில் அலையும்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இவ்வலைச்சல் இரட்டிப்பு. பாலக்காட்டார் கோவைக்கும் செல்கிறோம், திருச்சூருக்கும் செல்கிறோம். மூணாறு, குமுளி மக்கள் தேனிக்கும் செல்கின்றனர், கோட்டயத்துக்கும் செல்கின்றனர். ஓரிடத்துச் சீட்டை மற்றோரிடத்தில் காட்டாவிடின் ஒவ்வொரு மருத்துவரும் முதலிலிருந்தே தொடங்குவார். சீட்டுகள் அனைத்தையும் ஒரே உறையில் வையுங்கள். குறி தோன்றிய நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

ஒரு சோதனைக்கு இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம்மூர் நேந்திரம்பழம், அன்னாசி, தக்காளி ஆகியன அதன் அளவைப் பொய்யாக உயர்த்தும். எந்நாள் முதல் விலக்க வேண்டுமென முன்னரே கேட்டறிக.

கட்டி பரவுமுன் அறியப்பெற்றால் அறுவையால் முற்றும் நீக்கவும் இயலும். பரவிய பின்னரும் ஆக்ட்ரியோடைடு ஊசி குறிகளைத் தணிக்கும். லுட்டீசியம் 177 என்னும் கதிர்மருந்து, தகுதியுள்ள நோயாளிகளின் கட்டியணுக்களையே நாடிச் சென்று தாக்கும்.

தாய்மார்களே! அனைவர்க்கும் உணவிட்டபின் எஞ்சியதை உண்பது உங்கள் வழக்கம். உடல் நலத்தையும் அவ்வாறு கடைசியில் வைத்தல் வேண்டா. உங்கள் முகம் சிவப்பதையும் மூச்சிரைப்பதையும் வீட்டாரிடம் இன்றே சொல்லுங்கள். கேட்பது எங்கள் கடமை.