எந்த எண்ணெய், யார் காடு?



சிராங்கூன் சாலைத் தேக்காவில் வடை சுடும் சட்டியைப் பார்த்திருப்பீர்கள். பலமுறை காய்ந்த எண்ணெய் கறுத்து நுரை கட்டும். ஆறியதும் வடிகட்டிக் காலி டின்னில் ஊற்றி வைப்பார்கள். லாரியில் வந்து வாங்கிப் போவார்கள். அப்படிப்பட்ட எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளிலும் இன்று விமானம் பறக்கிறது. துவாசில் நெஸ்டே நிறுவனம் 2023ல் விரிவாக்கிய ஆலையால் ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை இவ்வகை விமான எரிபொருள் தயாரிக்க முடியும். சாங்கியிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு இத்தகைய எரிபொருளை 1 விழுக்காட்டில் தொடங்கி, 2030க்குள் 3 முதல் 5 விழுக்காடாக உயர்த்த நம் சிங்கப்பூர் அரசாங்கம் 2024ல் இலக்கு வைத்தது. அதற்கான பணத்தைப் பயணிகளாகிய நம்மிடமிருந்தே திரட்டுவது என்றும் முடிவானது.

இதை நான் மனமார வரவேற்கிறேன். மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்கு எரிவாயுவை நம்பியிருக்கும் தீவு நமது. கிடைக்கும் கழிவையெல்லாம் பயன்படுத்தத்தான் வேண்டும். கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் கூடங்களைக் குளிர வைப்பதற்கு, இங்கே கழித்த மரக்கிளைகளைத்தான் கொதிகலனில் எரிக்கிறார்கள். எப்படியும் வெட்டிப் போடும் கிளை அது. அதில் யாருக்கும் நட்டமில்லை.

காட்டை அழித்து நட்ட செம்பனையிலிருந்து வரும் எண்ணெய் அப்படியல்ல. 2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டதே, நினைவிருக்கிறதா? சன்னலைச் சாத்தியும் வீட்டுக்குள் புகை நாறியது. சுமத்ராவில் செம்பனைக்கும் காகித மரத்துக்கும் நிலம் திருத்த வைத்த தீ, நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் வந்து புகுந்தது. மறு ஆண்டே எல்லை கடந்த புகைமூட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றினோம். பச்சை எரிபொருள் என்ற பெயரில் அதே தீக்கு நாமே பணம் கொடுக்கலாமா?

எரிபொருளுக்கென்றே பயிர் வளர்க்கும் ஆசை தமிழ்நாட்டிலும் இருந்தது. காட்டாமணக்கு தரிசில் தானாக வளரும், டீசல் தரும் என்றார்கள். நீரில்லாமல் அது சரியாகக் காய்க்கவில்லை. நம்பி நட்ட விவசாயிதான் நட்டப்பட்டார்.

உலகத்துச் சமையலறைகள் எல்லாம் சேர்ந்து கொடுத்தாலும் பழைய எண்ணெய்க்கு ஓர் அளவு உண்டு. தேவை ஏற ஏற, புதிய செம்பனை எண்ணெயையே பழையது என்று சொல்லி விற்க ஆள் வருவார்கள். ஐரோப்பாவில் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. ஆகவே நாம் கட்டணம் கட்டும்போது, வாங்கிய எரிபொருள் எந்த நாட்டிலிருந்து, எந்தப் பொருளிலிருந்து வந்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் பொதுமக்கள் முன் வைக்கும்படி கேட்போம். கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் பங்குக்கு ஒன்று செய்வோம். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைத் தொட்டியில் கொட்டிக் குழாயை அடைக்காமல் வைத்திருங்கள், தாய்மார்களே. இந்த வட்டாரத்துச் சங்கங்கள் அந்த வாரம் தேக்கா நிலைய வாசலில் டின்கள் வைக்கட்டும். பொறுப்பேற்க முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் கொடுங்கள்.