மாற்று வாயிலும் சுமைப் பகிர்வும்



வைத்தியசாலை ஒன்றின் உயிர்நாடி எங்கே உள்ளது என வினவினால், சத்திரசிகிச்சைக் கூடத்தில் என்றே பலரும் விடை பகர்வர். 2002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கொனஸ் வைத்தியசாலையினர்க்கு வேறொரு விடை கிடைத்தது. அங்குள்ள கணினிகளை இணைத்து நின்ற வலையமைப்பு அன்று தளர்ந்து வீழ்ந்தது. எழுவதும் மீண்டும் வீழ்வதுமாக ஏறத்தாழ நான்கு நாட்கள் கழிந்தன. கணினியிலேயே மருந்தெழுதிப் பழகிய இளம் வைத்தியர்கள் கடதாசியையும் பேனாவையும் நாட நேர்ந்தது. பரிசோதனை முடிவுகளை ஊழியர்கள் கையிலேந்திச் சென்றனர்.

அங்கே மாற்று வழிகள் இல்லாமற் போனமையால் இவ்விடர் விளையவில்லை, வழிகள் இருந்தன. ஆளிகள் எனப்படும் இணைப்புப் பொறிகளுக்கிடையே இரு வழிகள் இருப்பின், அவை வட்டமாகிச் செய்தி முடிவின்றிச் சுழலத் தொடங்கும். இதனைத் தடுக்க 1985ஆம் ஆண்டில் ராடியா பேர்ள்மன் அம்மையார் ஒரு முறையை வகுத்தார். மேலதிக வழியை அடைத்து வைத்து, உள்ள வழி அறுந்தபோது மட்டும் திறப்பதே அதன் சாரம். ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஆளிகளுக்கு மேற்படலாகாது என்பது அம்முறையின் வழக்கமான வரம்பு. காலந்தோறும் துண்டு துண்டாக வளர்ந்த அவ்வைத்தியசாலையின் வலையமைப்பு அவ்வரம்பைக் கடந்திருந்தது.

ஆளிகளுக்கு அப்பால் வெளியுலகிற்குச் செல்லும் வாயிலாக நிற்பது ரவுட்டர் எனும் வழிப்படுத்தி. சாதாரணக் கணினி ஒரேயொரு வாயிலின் முகவரியையே அறியும். அருகே இன்னொரு வழிப்படுத்தி விழித்திருப்பினும், முதலாவது பழுதுற்றால் கணினி அடைத்த கதவையே தட்டிக் கொண்டிருக்கும். இக்குறையை நீக்கும் எச்.எஸ்.ஆர்.பி. என்னும் ஏற்பாட்டின் விவரத்தைச் சிஸ்கோ நிறுவனத்தார் 1998 மார்ச்சில் வெளியிட்டனர். அனைவர்க்கும் பொதுவான வி.ஆர்.ஆர்.பி. அடுத்த மாதமே வெளிவந்தது.

இரண்டிற்கும் கருத்து ஒன்றே. 'அதிபர்' என முகவரியிட்டு வரும் கடிதத்தை, அதிபர் விடுமுறையில் இருக்கையில் பதிலதிபர் பிரிக்கின்றார் அல்லவா? எழுதியவர் ஆள் மாறியதை அறியவேண்டியதில்லை. அவ்வாறே இரு வழிப்படுத்திகளும் கற்பனை முகவரி ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளும். கணினிகளுக்கு அம்முகவரியே தரப்படும். கடமையில் உள்ளது மூன்று செக்கனுக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். பத்துச் செக்கன் குரல் கேளாவிடில் மற்றையது பொறுப்பேற்கும். வி.ஆர்.ஆர்.பி. முறையில் நான்கு செக்கன் கழியுமுன்னரே இது நிகழ்ந்துவிடும்.

இனி, பெரும்பணம் கொடுத்து வாங்கிய இரண்டாவது பொறி ஆண்டு முழுதும் வாளாவிருப்பதோ எனும் வினா எழுதல் இயல்பு. கணினிகளை இரு குழுவாக, வீலான் எனும் பிரிவுகளாக, அமைத்தல் இதற்கு வழி. ஒரு பிரிவிற்கு முதற்பொறி தலைமை, இரண்டாவது துணை. மறுபிரிவிற்கு இது தலைகீழ். முன்னுரிமை எண்ணே தலைமையைத் தீர்மானிக்கும்: ஒன்றிற்கு 110, மற்றதற்கு வழமையான 100 எனக் கொள்ளலாம். ஆளிகளின் வழியடைப்பு முறையிலும் அந்தந்தப் பிரிவின் வேர் அதே பொறியாய் இருத்தல் வேண்டும். இன்றேல் செய்தி வீணே சுற்றிச் செல்லும். பொறுப்பாளர் பலரும் மறப்பது இதனையே.

இன்னொரு நுட்பமும் உண்டு. தலைமைப் பொறி நலமாயிருந்து, அதன் வெளிப்புற இணைப்பு மட்டும் அறுந்தால் என்னாகும்? அது தொடர்ந்து "இருக்கின்றேன்" என அறிவிக்கும். செய்திகளோ போக்கிடமின்றி மடியும். ஆகவே வெளியிணைப்பைக் கண்காணித்து, அறுந்தவுடன் முன்னுரிமையைக் குறைக்குமாறு பணித்தல் வேண்டும். குறைப்பு 10 எனின் இரண்டும் 100இல் சமமாகி நிற்கும். 20 எனின் தலைமை 90க்கு இறங்கும். எச்.எஸ்.ஆர்.பி. முறையில் உயர்ந்த எண்ணுடையது பொறுப்பைப் பறிக்க முன்கூட்டி அனுமதி அளித்திராவிடில், அப்போதும் எதுவும் நிகழாது.

சுமையைப் பகிர்ந்துவிட்டோம் என மகிழ்வோர் ஒரு சிறு கணக்கையும் பார்த்தல் நன்று. இரு பொறிகளும் தத்தம் வலிமையில் நூற்றுக்கு எழுபது பங்கு சுமந்து நிற்குமாயின், ஒன்று வீழும் நாளில் மற்றையதன் தலைமேல் நூற்று நாற்பது பங்கு வந்து விழும். அங்கே துணை என்பது பெயரளவில்தான். பாதிக்கு மேற் சுமையேற்றாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காயினவா என்பதை ஏட்டில் பார்த்து அறியமுடியாது. வேலை குறைந்த ஓர் இரவில், அனைவர்க்கும் முன்னறிவித்தல் செய்து, தலைமைப் பொறியின் வெளியிணைப்பு வடத்தை ஒருவர் கையாற் கழற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.