பறையும் பள்ளியும்
(புவனகிரியில் நிகழ்ந்த வெள்ளி விழாச் சொற்பொழிவு)



நம் சங்கத்தில் பிள்ளைகட்குப் பறை கற்பிக்கலாமென்றபோது பெற்றோர் சிலர் முகம் வாடினர். அவ்வாட்டம் நியாயமே. சாவுக்கும் தண்டோராவுக்கும் அடித்தே தீரவேண்டுமென்று நம்மீது சுமத்தப்பட்ட கருவியன்றோ அது! அக்கட்டாயத்தை மறுத்துப் பழைய தென்னார்க்காட்டுச் சேரிமக்கள் பட்ட அடிகளை மறத்தலாகாது. ஏடே விடுதலை தருமென்றன்றோ சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைக் கண்டார்!

எனினும், கீழ்வெண்மணியை எண்ணிப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களின் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நீதிமன்றம் கைவிட்டவர்களை மக்கள் கலை கைவிடவில்லை. பாட்டிலும் நாடகத்திலும் பறையொலியிலும் அவர்கள் இன்றும் சாட்சி பகர்கின்றனர்.

பிறர் ஏவ அடித்தால் அடிமைத்தொழில். நாமே விரும்பி அடித்தால் அது நம் குரல். பறைதல் என்றாலே சொல்லுதல்தானே! ஆதலின், எழுத்தறிந்த பிள்ளையின் கையிலேயே பறையைக் கொடுப்போம். சாவு வீட்டு வாசலில் நிற்பதற்கன்று. அந்த 44 பெயர்களையும் படித்து, ஊரறியச் சொல்வதற்கு.