முதுமை எய்திய ரயில் பெட்டிகள்

விடியற்காலையில் கீரனூர் அல்லது திருமயம் ரயில் நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். காய்கறிக் கூடையுடன் ஒரு மூதாட்டி நிற்பார். புத்தகப் பையுடன் கல்லூரி மாணவர் நிற்பார். திருச்சி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி ஒருவர் பெஞ்சில் அமர்ந்திருப்பார். விரைவு வண்டிகள் பல இவர்களைக் கடந்து சென்றுவிடுகின்றன. இவர்கள் காத்திருப்பது சாதாரணப் பயணிகள் வண்டிக்காக. அவ்வண்டியின் பெட்டிகள் முதுமை அடைந்தால் என்ன செய்வது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தபோது, 1929ஆம் ஆண்டில், திருச்சியிலிருந்து இங்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. அது ஒரு மீட்டர் அகலமுள்ள சிறு பாதை. என் மாணவப் பருவத்தில் அப்பாதையில்தான் பயணம் செய்தேன். மரப் பலகை இருக்கைகளும், கண்ணில் விழும் கரித்தூளும் இன்றும் நினைவில் நிற்கின்றன. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அப்பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. பழைய பெட்டிகள் நல்ல நிலையில் இருந்தாலும் புதிய பாதையில் ஓட இயலா. எனவே அவை ஒருசேர விடைபெற்றன.

ஆனால் பாதை மாறாவிட்டாலும் பெட்டிக்கு ஆயுள் உண்டு. ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள். முதல் வளைவில் அது ஒடிவதில்லை. நூறாவது வளைவில் ஒடியக்கூடும். இதனை உலோகக் களைப்பு என்பர். நாள்தோறும் புறப்பட்டு நின்று, குலுங்கி ஓடும் பெட்டியின் சட்டமும் இவ்வாறே களைத்துப் போகிறது. கதவருகிலும் கழிப்பறையின் அடியிலும் நீர் தேங்கித் துரு அரிக்கிறது. மேலே பூசிய வண்ணம் புதியதாக இருக்கலாம். உள்ளிருக்கும் எஃகு மெலிந்திருக்கலாம். எனவேதான் பழைய வகை எஃகுப் பெட்டிக்கு 25 ஆண்டுகள் என்று ஆயுள் வரையறுத்தனர்.

அப்பழைய வகை நம் தமிழகத்திற்குப் பெருமை தந்த ஒன்று. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டுத் தொழில் நுட்பத்துடன் அங்கு உருவான எஃகுப் பெட்டிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நாட்டைச் சுமந்தன. 2018இல் அவ்வகைப் பெட்டி கட்டுவது அங்கே நிறுத்தப்பட்டது. இப்பொழுது ஜெர்மானிய அமைப்பிலான துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள் அவற்றின் இடத்தைப் பெற்று வருகின்றன. இவற்றை இணைக்கும் நடு இணைப்பு, விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி மற்றொன்றின் மேல் ஏறுவதைத் தடுக்க உதவுகிறது. உயிர் காக்கும் இந்த ஒரு காரணமே மாற்றத்திற்குப் போதுமானதன்றோ?

குறுந்தொலைவுக்கு 'மெமு' எனப்படும் மின்தொடர் வண்டிகள் மிகவும் ஏற்றவை. இவற்றில் தனி எஞ்சின் இல்லை. பெட்டிகள் சிலவற்றின் அடியிலேயே மோட்டார்கள் உள்ளன. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் நின்றாலும் விரைவில் வேகம் பிடித்துவிடும். புதிய வகை மெமுவில் நிறுத்தும்போது எழும் ஆற்றலின் ஒரு பகுதி மின்சாரமாகக் கம்பிக்கே திரும்புகிறது. திருச்சி–காரைக்குடிப் பாதை மின்மயமாகிவிட்டதால், இத்தகைய வண்டிகள் ஓடுவதற்கு வழி திறந்துள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புதியது வருகிறதென்று மகிழும்போது, யாருக்காக வருகிறது என்பதை மறந்துவிடலாகாது. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் பயணிகள் வண்டிகள் நின்றன. மீண்டும் வந்தபோது பல வண்டிகள் விரைவு வண்டிக் கட்டணத்துடன் வந்தன. பத்து ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் முப்பது ரூபாயாயிற்று. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இருபது ரூபாய் நமக்குச் சிறிது; கூடை சுமக்கும் மூதாட்டிக்கோ அது ஒரு நாள் வருவாயில் ஒரு பங்கு.

ஆகவே புதிய வண்டியை அளக்க மூன்று கேள்விகள் போதும். சிறிய நிலையங்களில் அது நிற்கிறதா? இருக்கைகள் குறையாமல் இருக்கின்றனவா? ஏழை கொடுக்கக்கூடிய கட்டணமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால் அதுவே உண்மையான முன்னேற்றம். வேகமும் பளபளப்பும் அதன் பின்னர் வரட்டும்.

உங்களிலும் சிலர் நாளை பொறியாளராகப் பொன்மலைப் பணிமனையிலோ பெரம்பூரிலோ பணியாற்றலாம். அன்று வரைபடத்தின் முன் அமரும்போது, கீரனூர் நிலையத்தில் காத்து நிற்கும் அந்த மூதாட்டியை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். இன்று புதிதாக வரும் பெட்டிக்கும் நாளை முதுமை வரும். அதைத் துருவின்றிப் பேணுவதும், இருக்கையைக் கிழிக்காமல் காப்பதும் பயணிகளாகிய நம் கடமை.